ஊசிக்கும் வார்டுக்கும் அஞ்சும் குழந்தைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் குழந்தைகள் வார்டுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தாய்மார்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். நோய் தீர்ந்து வீடு திரும்பிய பிறகும் மருத்துவமனைப் பயம் மட்டும் பிள்ளையை விட்டுப் போகவில்லை என்று சொல்லி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் எப்போதும் முதலில் கேட்க வேண்டியது.

மருத்துவமனைக்குப் போய் வந்ததால் குழந்தையின் மனம் பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படலாம். விபத்து, கடுமையான நோய், அறுவை, வலி தரும் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் குழந்தையிடமும் குடும்பத்தாரிடமும் காணப்படும் மன அதிர்ச்சியை மருத்துவர்கள் இன்று தனிப் பிரச்சினையாகவே கருதி ஆராய்கிறார்கள். அதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. நோய் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், நடந்தது அந்தக் குழந்தைக்கு எவ்வளவு பயங்கரமாகத் தோன்றியது என்பதே மனத்தில் விழும் அடியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பெரிய அறுவை செய்துகொண்ட ஒரு பிள்ளை பத்து நாளில் சிரித்துக்கொண்டு திரிவதும், நெற்றியில் மூன்று தையல் போட்ட இன்னொரு பிள்ளை வெள்ளைச் சட்டைக்காரரைக் கண்டாலே அலறுவதும் இதனால்தான்.

பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களைப் பற்றியும், தேற வேண்டிய தேவையே வராமல் முன்கூட்டியே தடுத்திருக்கக்கூடிய பயங்களைப் பற்றியும்தான் எனக்குக் கவலை. நான் பார்த்த அளவில் குழந்தையை உலுக்குபவை மூன்று: பெற்றவளைப் பிரித்துவிடுவது, பொய் சொல்லி ஏமாற்றுவது, பல கைகள் சேர்ந்து அமுக்குவது. இந்த மூன்றையும் குறைக்கப் பணமோ பெரிய கருவியோ தேவையில்லை.

கைக்குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது? வளர்ந்தால் மறந்துவிடாதா?

இதில் மருத்துவ உலகமே நெடுங்காலம் தவறிழைத்திருக்கிறது. பிறந்த குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, ஆகையால் அதற்கு வலி சரியாகத் தெரியாது என்ற எண்ணத்தில், 1980-கள் வரை மேலைநாடுகளின் பெரிய மருத்துவமனைகளில்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு, உடல் அசையாதிருக்க மட்டும் மருந்து கொடுத்து, அறுவை செய்து வந்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் அங்கே இதை ஆராய்ந்தார். வலிநீக்க மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு உடல் படும் அவதியும் அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைவு என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

1997-இல் கனடாவில் ஆனா டாடியோ என்பவரின் குழு இன்னொன்றைக் காட்டியது. மரத்துப்போகும் மருந்து தடவாமல் முன்தோல் நீக்கம் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், 4 முதல் 6 மாதத்தில் தடுப்பூசி போட்டபோது, மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அழுது துடித்தன. நடந்தது அந்தக் குழந்தைகளின் நினைவில் இருந்திருக்காது. ஆனால் அடுத்த வலியை அவற்றின் உடம்பு எதிர்கொண்ட விதம் மாறியிருந்தது. ஆகவே ‘சின்னப் பிள்ளைதானே’ என்ற சொல்லை நாம் விட்டுவிட வேண்டும்.

நாலு பேர் பிடித்துக்கொண்டால்தானே ஊசி போட முடியும்? வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் அதன் பயத்தை இரட்டிப்பாக்குகிறது. மேலே விளக்கு, சுற்றிலும் தெரியாத முகங்கள், கைகால் ஒவ்வொன்றையும் ஒருவர் பிடித்திருக்கிறார் என்றால் பெரியவர்களுக்கே மூச்சுத் திணறும். அதற்குப் பதிலாகத் தாயோ தந்தையோ நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையைத் தம்மைப் பார்த்தவாறு மடியில் இருத்திக்கொள்ள வேண்டும். குழந்தையின் கால்கள் இரண்டும் தாயின் இடுப்புக்கு இருபுறமும் தொங்கும். ஒரு கை தாயின் அக்குளுக்கு அடியில் முதுகுப்பக்கமாகப் போயிருக்கும். ஊசி போட வேண்டிய மற்றக் கையைத் தாயே முழங்கைக்கு அருகில் பிடித்துக்கொள்வார். நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கட்டியணைத்தல் போலத்தான் தெரியும். ஆனால் ஊசி போடுபவருக்கு வேண்டிய அளவுக்குக் கை அசையாமல் இருக்கும். கையில் ட்ரிப்ஸ் ஊசி குத்தும்போதும் இப்படியே செய்யலாம்.

செவிலியரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குகிறீர்கள். ‘சிஸ்டர், பிள்ளைய நான் மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிறேன், நீங்க போடுங்க’ என்று கேளுங்கள். முதல் குத்தலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அழுகை உச்சத்துக்குப் போன பிறகு யாருக்கும் பொறுமை இருக்காது.

‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று இரண்டு, மூன்று முறை குத்தியும் முடியாவிட்டால், அவசரம் இல்லாத நிலையில், சற்று நிறுத்திவிட்டு அனுபவமுள்ள இன்னொருவரை அழைக்கக் கேட்பது உங்கள் உரிமை. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், மூச்சுக்குப் போராடும் குழந்தைக்கு ஒரு நிமிடத்தில் மருந்து ஏற்ற வேண்டிய வேளையில் பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒருவர் தலைமாட்டில் நின்று குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருக்க முடியும்.

‘வலிக்கவே வலிக்காது’ என்று சொன்னால் தைரியம் வராதா?

ஊசி இறங்கும் வரைக்கும் வரும். இறங்கியதும், சொன்னவர் பொய் சொன்னார் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை உண்மையிலேயே வலிக்காத ஸ்கேனுக்கு அழைத்துப் போனாலும் அது நம்பாது. ‘கடைக்குப் போறோம்’ என்று சொல்லி மருத்துவமனை வாசலில் இறக்குவதும் இதே கணக்குதான். அதற்குப் பிறகு கடைக்கு அழைத்தாலும் பிள்ளை பயப்படும்.

எறும்பு கடித்தாற்போல் என்பதும் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. எறும்புக்கே அலறும் பிள்ளைகள் உண்டு. ‘கையில ஒரு குத்து இருக்கும், கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும், அம்மா உன்ன விடாம பிடிச்சிருப்பேன், முடிஞ்சதும் சொல்லுவேன்’ என்பது போதும். ஊசியைப் பற்றி அரை மணி நேரம் விளக்கத் தேவையில்லை. ஊசி உள்ளே போகும் நொடியில் ‘இதோ வருது, இதோ குத்தப் போறாங்க’ என்று அறிவிக்காமல், சாதாரணக் குரலில் ‘ம், இப்ப போடுறாங்க’ என்றால் போதுமானது. ‘அழக் கூடாது, நீ ஆம்பளப் பிள்ள’ என்பதை அறவே விட்டுவிடுங்கள். அழலாம், கையை மட்டும் ஆட்டக் கூடாது என்று சொன்னால் குழந்தைக்குச் செய்யக்கூடிய வேலை ஒன்று கிடைக்கிறது.

சேட்டை செய்தால் ‘ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று மிரட்டுகிறோம். அதில் என்ன தவறு?

ஊசி தண்டனை என்று நீங்களே கற்றுக் கொடுக்கிறீர்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, தான் எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்று யோசிக்கத் தொடங்குகிறது. ஐந்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தம் நோய்க்குத் தாம் செய்த குறும்பே காரணம் என்று எண்ணுவது மிகவும் சாதாரணம். இந்த மிரட்டலை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடமும் சொல்லுங்கள்.

தடுப்பூசி வலியைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இதற்கென்றே பரிந்துரைகளை வெளியிட்டது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதோ கொடுத்து முடித்த உடனேயோ ஊசி போடலாம். குழந்தையைப் பெற்றவர் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். ஊசியைக் குத்திய பிறகு இரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கம் தடுப்பூசிக்குத் தேவையில்லை, அது வலியைக் கூட்டும். இவற்றில் எதற்கும் ஒரு ரூபாய் செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், வரிசையில் காத்திருக்கும்போதே பால் கொடுக்கத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஊதும் வேலை கொடுங்கள். சோப்புக் குமிழி, காகிதக் காற்றாடி, எதுவுமில்லாவிட்டால் உங்கள் விரலைப் பிறந்தநாள் மெழுகுவத்தியாக நினைத்து ஊதி அணைப்பது. மூச்சை நீளமாக விடும்போது உடம்பு தளர்கிறது, கவனமும் அங்கே போகிறது. அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டிய குழந்தைகளுக்கு, தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவி மூடிவைக்க வேண்டும் என்பதால் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கைக்குழந்தைக்கு நீங்களாக வாங்கித் தடவக் கூடாது.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது சில மருத்துவமனைகளில் நாக்கில் சில சொட்டு இனிப்பு நீர் விடுகிறார்கள். அது வலியைக் குறைப்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைக்கும் சேனை வீட்டில் நல்லது என்று யாரும் வாதாட வேண்டாம். அளவும் சுத்தமும் வேறு, அதிலும் ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

நாய் கடித்துவிட்டது. ‘தொப்புளைச் சுற்றி ஊசி’ என்று கேட்டுப் பையன் நடுங்குகிறான்.

முதலில் அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் சிறிய ஊசி, கைகளில், கடித்த நாளிலும் அதன் பின் 3, 7, 28-ஆம் நாள்களிலும் போடப்படுகிறது. காலண்டரில் அவனையே அந்த நாள்களை வட்டமிடச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

காயம் ஆழமாக இருந்தால் காயத்துக்குள்ளேயே இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள். அது வலிக்கத்தான் செய்யும். அதை மறைக்காமல் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு, வலிமருந்து கொடுக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ‘அன்னைக்குப் பட்ட பாட்டுக்கு அடுத்த ஊசிக்கு வரமாட்டான்’ என்று பாதியில் நிறுத்திய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் உயிர் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். முதல் ஊசியை மென்மையாகப் போடுவது மற்ற ஊசிகளைப் போடுவதற்கே வழி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் நரகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

இதற்கு நான் கற்றுக்கொண்ட விதத்தையே சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வடித்த கஞ்சி தொடையில் கொட்டிப் புண்ணாகிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வார்டில் இருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவோம். தாயை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு பேர் பிடிக்க, காய்ந்து ஒட்டிய துணியை நான் பிரிப்பேன். சீக்கிரம் முடித்தால் அவளுக்கு நல்லது என்று மனதார நம்பினேன். நான்காவது முறைக்குப் பிறகு அவள் யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள். கட்டுப் போடும் தள்ளுவண்டியின் சக்கரம் வராந்தாவில் கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே, அது அடுத்த கட்டிலுக்குப் போவதாக இருந்தாலும், படுக்கையில் சிறுநீர் கழித்துவிடுவாள்.

எனக்கு மூத்த செவிலியர் ஒருவர் அதைக் கவனித்து முறையை மாற்றினார். அரை மணி நேரத்துக்கு முன்பே, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி வலிமருந்து கொடுக்கப்பட்டது. கட்டின் மேல் உப்புநீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டோம். அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மேல்சுற்றுத் துணியைப் பிரிக்கும் வேலையை அந்தச் சிறுமியிடமே கொடுத்தோம். அடிச்சுற்றுக்கு வந்ததும், ‘நீ நிறுத்துன்னு சொன்னா பத்து எண்ற வரைக்கும் நான் கை வைக்கமாட்டேன்’ என்று அந்த மூத்த செவிலியர் சொன்னார், சொன்னபடியே நின்றார். முதல் நாள் இருபது தடவை நிறுத்தினாள். மூன்றாவது முறை ஐந்து தடவைதான். அன்றைக்கு நான் அவசரப்பட்டுக் கை நீட்டியபோது, ‘இன்னும் எட்டுதான் எண்ணியிருக்கேன்’ என்று என்னை அதட்டினாள். ‘நிறுத்து’ என்பதைத் தவிர அவள் வாய் திறந்து பேசியது பல நாள்களுக்குப் பிறகு அதுதான்.

மொத்தத்தில் கூடுதலாக ஆனது கால் மணி நேரம். வலிமருந்து, ஊறவைத்தல், தாயின் மடி, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஆகிய இந்த நான்கையும் நீங்கள் கேட்டுப் பெறலாம். முடிந்தால் வேறு அறையில் கட்டு மாற்றச் சொல்லுங்கள். வலி தரும் எதையும் கட்டிலில் செய்யாவிட்டால், அந்தக் கட்டிலிலாவது குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.

சிகிச்சை அறையில் தாயை ‘வெளியே இருங்க’ என்கிறார்கள். பெற்றோர் கூட இருப்பது இடைஞ்சல்தானா?

நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் தாய் கூடவே தங்குவது வழக்கம். இது பெரிய பாக்கியம். இங்கிலாந்தில் 1950-கள் வரை பெற்றோரை வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே பார்க்க விட்ட மருத்துவமனைகள் பல. அழும் குழந்தை சில நாளில் அடங்கிவிடும், அதுவே தேறியதற்கு அடையாளம் என்று நினைத்தார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1952-இல், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டி, அந்த அமைதி தேறுதலால் வந்ததன்று, ஏக்கத்தால் ஒடுங்கிப் போனதால் வந்தது என்று எடுத்துச் சொன்னார். 1959-இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கவும் சின்னக் குழந்தைகளோடு தாய் தங்கவும் இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நாம் தவறுவது வார்டில் இல்லை, சிகிச்சை அறையின் கதவில். கூட இருக்கும் தாய் மயங்கி விழுவாள், கத்துவாள் என்பது செவிலியரின் பயம், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆகவே உள்ளே போகும் தாய்க்கு என்ன வேலை என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்: தலைமாட்டில் உட்கார வேண்டும், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், புண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. உங்களால் முடியாது என்று தோன்றினால் அப்பாவோ அத்தையோ போகட்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

குழந்தை ஐ.சி.யு.வில் இருக்கிறது. உள்ளே விடுவதில்லை.

பார்க்க அனுமதிக்கும் நேரத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். கண்ணை மூடிக் கிடந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள், எங்கே தொடலாம் என்று கேட்டுக்கொண்டு தொடுங்கள். நீங்கள் உடுத்திய பருத்திச் சேலையின் ஒரு துண்டைத் துவைத்து உள்ளே வைக்க அனுமதி கேளுங்கள். இரவு எது, பகல் எது என்று தெரியாத அந்த வெளிச்சத்தில், மருந்தின் மயக்கத்தில், குழந்தைகள் இல்லாததைக் கண்டதாகவும் யாரோ கட்டிப்போட்டதாகவும் பின்னால் சொல்வதுண்டு. ‘அது மருந்துனால வந்த கனவு, உன் மூக்குல குழாய் இருந்தது, அதை நீ இழுத்துடாம இருக்கத்தான் கையைக் கட்டினாங்க’ என்று நடந்ததைக் கோர்த்துச் சொல்ல அப்போது ஒருவர் வேண்டும். அதற்காகவே தினமும் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இன்குபேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தையாக இருந்தால், மருத்துவர் சரி என்றதும் கங்காரு முறையில் வெறும் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. குழந்தையின் சூட்டைக் காப்பதோடு, குத்தும்போது வலியையும் குறைக்கிறது. அப்பாவும் செய்யலாம்.

ஆபரேஷன் என்று பிள்ளையிடம் எப்போது சொல்வது?

மூன்று வயதுக் குழந்தைக்கு முந்தின நாள் சொன்னால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சில நாள் முதல் ஒரு வாரம் முன்பு சொல்லலாம், கேள்வி கேட்க அவகாசம் வேண்டும். ‘தூங்க வச்சு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வீட்டில் இறந்துபோன ஒரு நாய்க்குட்டியையோ தாத்தாவையோ ‘தூங்கிட்டாங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள். ‘இது மருந்துனால வர்ற தூக்கம், முடிஞ்சதும் டாக்டரே எழுப்பிவிடுவாங்க’ என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கண் அறுவை என்றால், எழுந்ததும் கண்ணில் கட்டு இருக்கும் என்பதை முன்பே ஒரு கைக்குட்டையைக் கட்டி விளையாட்டாகக் காட்டிவிட வேண்டும். இருட்டில் விழிக்கும் பிள்ளை தன் பார்வை போய்விட்டதாகவே நினைக்கும்.

பட்டினி விஷயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான வழக்கம். முந்தின இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் மதியம் வரை காய விட்ட குழந்தை பசியிலும் தாகத்திலும் ஏற்கெனவே நொந்து போயிருக்கும். எந்த நேரம் வரை என்ன கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டு, அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் பெற்றவரையே அடையாளம் தெரியாமல் கத்திப் புரளுவார்கள். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், குழந்தைக்கு நினைவும் இருக்காது.

பதின்வயதுப் பெண்ணுக்கு வேறு கவனம் வேண்டுமா?

கண்டிப்பாக. திரை, கூட ஒரு பெண் பணியாளர், உடை விலக்குவதற்கு முன் அவளிடமே கேட்பது ஆகியவை மரியாதைக்காக மட்டும் அல்ல. இவை இல்லாத பரிசோதனையை அவள் அத்துமீறலாகவே உணரக்கூடும். பையன்களுக்கும் இதே கூச்சம் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-இல் வந்தது, இந்தியா 1992-இல் அதை ஏற்றது. தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அது குழந்தைக்குத் தருகிறது. கையெழுத்து உங்களுடையதாக இருந்தாலும், முடிவைக் கடைசியில் கேட்பவளாக உங்கள் மகள் இருக்கக் கூடாது.

வீடு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

நம் ஊர்த் தாய்மார்கள் ‘பயந்த கோளாறு’ என்று சொல்வதன் அடையாளங்கள் பெரும்பாலும் இவைதாம்: தூக்கத்தில் வெடுக்கென்று விழித்து அழுவது, தாயை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, பழகிவிட்ட பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைப்பது, மருத்துவமனை இருக்கும் தெரு வந்தாலே முரண்டு பிடிப்பது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, காரணமில்லாத கோபம். மாத்திரையைத் துப்புவதும் மறுபரிசோதனைக்கு வர மறுப்பதும்கூடப் பிடிவாதம் போலத் தோன்றும் பயமே.

முதல் சில வாரங்களில் இவை வருவது இயல்பு. பழைய நேரத்துக்குச் சாப்பாடு, பழைய நேரத்துக்குத் தூக்கம், கூடப் படுத்துக்கொள்ள ஓர் ஆள், கேட்கும்போது உண்மையான பதில் ஆகியவை போதும். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், அது நல்லது. ஆனால் அதே காட்சியை முகத்தில் சிரிப்பே இல்லாமல் நாள்தோறும் ஆடினால் கவனிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலும் இவை குறையாவிட்டாலோ, பள்ளிக்குப் போவதும் சாப்பிடுவதும் கெட்டாலோ, ‘செத்துப் போயிட்டா நல்லது’ போன்ற பேச்சு வந்தாலோ மனநல உதவி தேவை. கடைசியாகச் சொன்ன பேச்சுக்கு மாதக் கணக்குப் பார்க்காதீர்கள், அன்றே போங்கள்.

பயந்திருக்கிற பிள்ளைக்கு மந்திரிக்கலாமா?

கோரிப்பாளையம் தர்காவிலும் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் எல்லா மதத்துத் தாய்மார்களும் பிள்ளைகளோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கோயிலில் திருநீறு போடுவதும் அப்படியே. குழந்தை பயந்திருக்கிறது, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதை நம் மக்கள் மருத்துவர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன். தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையின் தலையில் ஒரு பெரியவர் அன்போடு கை வைப்பதால் கெடுதல் இல்லை. வேப்பிலையால் அடிப்பது, புகை காட்டுவது, பட்டினி போடுவது, மிரட்டி விரட்டுவது ஆகியவை கூடவே கூடாது. பயந்த பிள்ளையை மறுபடியும் பயமுறுத்துவதே அது. மந்திரித்ததால் மருத்துவ உதவியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

உதவிக்கு யாரிடம் போவது?

கோரிப்பாளையத்திலுள்ள அரசு இராசாசி மருத்துவமனையில், நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், மனநலப் பிரிவு உண்டு. தாலுகா மருத்துவமனைகளுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாளில் வருகிறார்கள், எந்த நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தொலைபேசியில் தமிழில் பேச, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. மாநிலத்தின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போவது என்று தயங்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது இதுதான்: காலில் கட்டுப் பிரித்த பிறகு நடை பழக்க ஒருவரிடம் போகிறோம், இதுவும் அவ்வளவே. பேசியும் விளையாடியும் வரைந்தும் தரும் சிகிச்சைதான் குழந்தைகளுக்கு முதலில் தரப்படுகிறது.

எனக்கே தூக்கம் வருவதில்லை. பெற்றவளுக்கும் இது வருமா?

வரும். குழந்தையைவிடத் தாய்க்கு அதிகமாக வருவதும் உண்டு. வீட்டில் விட்டு வந்த மூத்த பிள்ளைக்கும் வரும். ‘தம்பி செத்துருவானா’ என்று அவன் யாரிடமும் கேட்டிருக்க மாட்டான், அவனை ஒருநாள் அழைத்து வந்து காட்டுங்கள். 14416 உங்களுக்கும் உரிய எண்தான்.

நானும் செவிலியர்தான். ஒரு ஷிப்டில் நாற்பது குழந்தைகளைப் பார்க்கிறேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

தங்கையே, அந்த நாற்பதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு குழந்தையிடம் போகும்போது முதலில் ஊசித் தட்டை நீட்டாமல் அதன் பெயரைக் கேள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையிடம் எந்தக் கையில் போடட்டும் என்று கேள். போடட்டுமா என்று கேட்காதே, வேண்டாம் என்றால் உன்னால் நிறுத்த முடியாது. எவ்வளவு வலிக்கிறது என்று நீயாக முடிவு செய்யாமல், சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த படத்தை அட்டையில் ஒட்டி, விரலால் காட்டச் சொல். தாயை அனுப்பாதே, வேலை கொடு. பயந்து துள்ளும் குழந்தைக்கு மூன்று பேர் வேண்டும், நரம்பும் தப்பும், மறுபடியும் குத்த வேண்டும். தாயின் மடியில் இருக்கும் குழந்தைக்கு நீ ஒருத்தி போதும். அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கும் குறிப்பில் ‘வலது கை, அம்மா மடி, குமிழி ஊதுவான்’ என்று ஒரு வரி சேர்த்து எழுது. இரவில் வரும் பெண் அவனிடம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்காது.